பதமான கை

மூன்றாவது வாரமும் ஹரிதா அந்த மாடிப்படியிலிருந்து, கன்னத்தைத் தொட்டபடி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பீளமேட்டில் அந்த மாடியில் இருப்பது பிரவின்குமாரின் பல் கிளினிக். எதிர்ப்பக்கம் காருக்குள் பதுங்கி உட்கார்ந்திருந்த அவள் கணவன் ரகுநாத்துக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டான்.

"கோயிலுக்குன்னு சொல்லிப்போட்டு எங்க போனே அம்மணி?"

மாட்டிக்கொண்டது தெரிந்தும் ஹரிதா அசரவில்லை. "பல்லுக்குத்தானுங்க. ரூட் கேனல் முடிஞ்சு இன்னைக்குக் கேப் போட்டுட்டாரு."

"ஊருல வேற டாக்டரே இல்லையா? அவன்கிட்டத்தான் வாயைத் தொறக்கோணுமா?"

"கை அத்தனை பதமுங்க. ஊசி போட்டதே தெரியலை."

அந்தப் 'பதம்' ரகுநாத்தின் காதில் ஈயமாக இறங்கியது.

"யாராச்சும் பாத்திருந்தா? நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

"கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு ஆறு மாசமா உங்ககிட்டத்தானே சொன்னேன்? 'நாளைக்குப் பாக்கலாம் கண்ணு'ன்னே ஓட்டுனீங்க. டோக்கன் வாங்காத பேஷன்ட்டுக்கு உங்க கிளினிக்குல எப்பவும் கடைசி நம்பருதானுங்களே, டாக்டர்!"

அதற்குள் டாக்டர் ரகுநாத்தின் பல் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ரிசப்ஷனிஸ்ட் மெர்சி, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சார், முன்பல்லுக்கு பிரிட்ஜ் போடோணும்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. ஊட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதாமுங்க."

"யாரும்மா அது?"

"பிரவின்குமார் டாக்டரோட சம்சாரமுங்க."

"உக்கார வையும்மா," என்று செருப்பைத் தேடினான் ரகுநாத். "இப்பவே வாரேன்."