புட்டு அடைபட்ட பத்து நிமிடம்

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, யோகம்மா?"

மனோரஞ்சிதம் போட்ட சத்தத்தில் சிங்கப்பூர் ஈசூன் பிளாட்டின் சமையலறையே அதிர்ந்தது. அவர் மார்போடு அணைத்திருந்த பூனை மட்டும் சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. அதன் பெயர் புட்டு.

பத்து நிமிடம் புட்டு பாம் ஷெல்டருக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. சமையலறையை ஒட்டிய, ஜன்னலே இல்லாத சின்ன அறை. குண்டு விழுந்தாலும் அசையாத இரும்புக் கதவு.

"கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி உள்ளே பார்க்க மாட்டியா?"

"கவனிக்கல, மேடம்."

"காத்து இல்ல, வெளிச்சம் இல்ல. அதுவும் ஒரு உயிர்தானே? சூடு தெரியும், பயம் தெரியும். வாயில்லா ஜீவன், யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

எல்லாம் பூனை வளர்க்கும் லைசென்ஸுக்காக ஆன்லைனில் படித்த பாடம். மனோரஞ்சிதம் அதில் நூற்றுக்கு நூறு.

பணிப்பெண் யோகம்மா ஷெல்டர் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, இலங்கைக்கு, ஹட்டனுக்கே திருப்பி அனுப்பிவிட்டால்? ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"அவங்களைத் திட்டி என்னம்மா பண்றது?" என்றாள் மகள் ஆரபி. "புட்டு சும்மா இருக்காது லா. மறுபடியும் போய் மாட்டிக்கும்."

மனோரஞ்சிதம் யோசித்தார்.

"அப்போ உள்ளே ஒரு ஃபேன் வெச்சிடுவோம். எப்பவும் ஓடட்டும்."

ஷெல்டர் சுவரில் துளை போடக் கூடாது. அதனால் அன்று மாலையே நிற்கிற ஃபேன் ஒன்று வந்து இறங்கியது. அதன் முன்னால் புட்டுவை உட்கார வைத்துப் படம் எடுத்தார் மனோரஞ்சிதம். 'உணர்வுள்ள எல்லா உயிரும் ஒன்றுதான்' என்று எழுதித் தோழிகளுக்கு அனுப்பினார். இதயங்கள் வந்து குவிந்தன.

படத்தின் ஓரத்தில் சுருட்டி வைத்த மெத்தை ஒன்று தெரிந்தது. யோகம்மாவுடையது. இரண்டு வருடமாக அவள் படுப்பது அந்த அறையில்தான். மூன்று முறை ஃபேன் கேட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரே பதில்: "பழகிடும்."

மனோரஞ்சிதம் கோயிலுக்குக் கிளம்பியதும், யோகம்மா புட்டுவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். தன் தட்டிலிருந்த மீன் துண்டை முள் எடுத்து ஊட்டினாள்.

"கோவிச்சுக்காதடா ராசா. நான் ரெண்டு வருஷமா கேட்டும் நடக்கல. அதான் உன்னைப் பத்தே பத்து நிமிஷம் உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தினேன்."