மஞ்சள் கட்டிய கெளுத்தி

கரைச் சரிவில் மைதிலி இறங்கி வருவதைப் பார்த்தாரோ இல்லையோ, பரிசலில் இருந்த கருப்பண்ணன் வலையிலிருந்து பெரிய கெளுத்தி ஒன்றை உருவிச் சட்டென்று காவிரிக்குள் விட்டுவிட்டார்.

அதன் முதுகில் மஞ்சளாகத் தொங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணா! அது என்னோட மீன்தானே?"

"மீனா? எந்த மீனுங்க அம்மணி?"

ஆற்றில் கெளுத்தி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் சேலத்துக் கல்லூரி மாணவி மைதிலியின் ஆய்வு. போன ஆடிப் பதினெட்டன்று, ஜேடர்பாளையத்தில் இருநூறு தாய்க் கெளுத்திகளின் முதுகில் எண் பொறித்த மஞ்சள் இழையைக் கோத்து ஆற்றில் விட்டாள். வலையில் விழுபவற்றில் எத்தனைக்கு மஞ்சள் இருக்கிறது என்று தெரிந்தால், ஆற்றிலுள்ள மொத்தத்தையும் கணித்துவிடலாம். "மஞ்சள் இழையுள்ள மீன் சிக்கினால் தெரிவிக்கவும், சினை மீனைப் பிடிக்க வேண்டாம்" என்று துறைதோறும் நோட்டீசும் ஒட்டினாள்.

இப்போது ஆனி. ஒரு மீனைப் பற்றிக்கூடத் தகவல் இல்லை. "இந்த மாதமும் பூஜ்யம் என்றால் ஆய்வேட்டை மறந்துவிடு" என்று பேராசிரியர் சபரிநாதன் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

"எல்லாரும் சேர்ந்து குழம்பு வெச்சுத் தின்னுட்டு, ஒண்ணுமே சிக்கலைன்னு என்கிட்டச் சொல்றீங்க. அப்படித்தானே?"

கருப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குழம்பா? ஏனுங்க அம்மணி, பேசற பேச்சுங்களா அது? சாமி மீனுங்க!"

"சாமி மீனா?"

"ஆடிப் பதினெட்டும் அதுவுமா, தலையோட தண்ணில முழுகி எந்திரிச்சு, மஞ்சக் கயிறு கட்டி ஆத்துல உட்டீங்களே. நேர்ந்து உட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

அன்று துறையில் வழுக்கி விழுந்தது மைதிலிக்கு நினைவு வந்தது.

"தப்பித்தவறி வலையில உழுந்தா, கும்புட்டுத் திருப்பி உட்டுருவோம். குத்தமாயிருமோன்னுதான் உங்ககிட்ட மூச்சு உடல. இங்கிருந்து மோகனூரு வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கறதில்லீங்க."

"அதுல நெம்பர் இருக்குமே?"

"கோயில்ல ரசீது தர்றாப்பல, வேண்டுதல் நெம்பருன்னு நெனச்சமுங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "இதுவரைக்கும் எத்தனை விட்டிருப்பீங்கண்ணா?"

"நேர்ந்ததை எண்ணப்படாதுங்க."

"சினை மீனைப் பிடிக்காதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டினேனே, அதை மட்டும் ஏன் கேக்கலை?"

"அது சும்மா நோட்டீசுதானுங்களே!"

சொல்லிவிட்டுச் சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்.

"ஏனுங்க, அப்ப நேர்ந்து உட்டது இல்லீங்களா? இல்லைன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எல்லாத்தையும் புடிச்சாரச் சொல்றேன். மஞ்ச உங்களுக்கு, மீனு எங்களுக்கு. இப்ப உட்டதுக்குக்கூட வயிறு பானையாட்ட இருந்துச்சு. சினைக் கெளுத்தின்னா இங்க பக்கத்துல வேலூரு சந்தையில தனிக் கிராக்கிங்க."

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாரக் கடைசிக்குள் புள்ளிவிவரம் குவிந்துவிடும், ஆய்வேடும் பிழைத்துவிடும்.

சினையோடு அந்தக் கெளுத்தி மறைந்த இடத்தை மைதிலி பார்த்தாள்.

"நேர்ந்து விட்டதுதாங்கண்ணா" என்றாள். "வர்ற ஆடிக்கு இன்னும் முந்நூறு பாக்கி இருக்கு."