மணிக்கு நிற்காத கை

இந்தக் கை ஒருதரம் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புமா என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள். நடுக்குவாதத்தில் உறைந்து கிடந்த வலதுகை போன வாரம்தான் அசைந்தது. இன்று காலை தானே பொட்டு வைத்துக்கொண்டாள், கொஞ்சம் கோணலாக. அதை அசைய வைத்த மாத்திரையைத் தந்த டாக்டர் மதிவதனி கேட்டால் எதையும் செய்யலாம், இதைத் தவிர.

மதிவதனியின் ஆய்வுக்கூடத்தில் இன்றைய சோதனை இதுதான்: விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே மணி அடித்தால் நீட்டிய கையை நிறுத்திவிட வேண்டும். அவளோ மணி அடித்தும் ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டாள்.

“எங்க எலிகூட மணி அடிச்சா நின்னுடும்மா,” என்று சிரித்தாள் மதிவதனி. “ஒரே ஒரு தடவை நிறுத்துங்களேன்.”

“உன் எலிக்குக் கை செத்துப் பிழைச்சிருக்காது, கண்ணு.”

விளக்கு எரிந்தது. கை எழுந்தது. மணி அடித்தது. செண்பகவல்லி டாக்டரை நன்றியோடு பார்த்தபடியே கையைப் பொத்தான்வரை போகவிட்டாள்.