வாடகை எதிராளி

தான் புதிதாக உருவாக்கிய வீடியோ கேமை ஆடிச் சரிபார்க்க, நாகர்கோவில் ஜெனிட்டா ஒரு கேம் கம்பெனியிடமிருந்து, கணினியே இயக்கும் ஓர் எதிராளியை வாடகைக்கு எடுத்தாள். திரையில் வந்தவன் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இரண்டடி பின்வாங்கி, பிறகுதான் உள்ளே பாய்ந்தான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது போன வருஷம் இறந்துபோன தம்பி ஆல்வினின் பழக்கம்.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"எங்க கேமை வாடகைக்கு எடுத்து ஆடுறவங்களோட ஆட்டமும் எங்களுக்குத்தான் சொந்தம் மேடம். அதைப் பதிவு பண்ணித்தான் எதிராளிகளைச் செய்யுறோம். உங்க தம்பி சம்மதிச்சிருக்காரே. இப்ப அவருக்கு நல்ல டிமாண்டு."

"செத்தவன் கையக்கூட வாடகைக்கு விடுவியளா? வெக்கமா இல்ல?"

"வேணும்னா வேற ஆள் அனுப்பட்டுமா மேடம்?"

போனை வீசினாள். தன் கேமில் எல்லாக் கதவுகளுக்கும் சரியாக இரண்டடி முன்னால், பின்வாங்கினால் மட்டும் திறக்கும் ஒரு குழி வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. அவன் பின்வாங்கினான், விழுந்தான். எழுந்து வந்து மறுபடியும் அதே குழியில் விழுந்தான்.

ஆல்வின் என்றால் முதல் குழியிலேயே கண்ட்ரோலரைத் தூக்கியெறிந்து, "ஏக்கா, அழுகுணி ஆட்டம் ஆடாத!" என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பான்.

"திட்டுலே! வாயத் தொறந்து திட்டுலே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் ஜெனிட்டா.

அவன் எழுந்து, இன்னொரு தடவை இரண்டடி பின்வாங்கினான்.