கேடயம் வரும்வரை

மலேசியாவின் கோத்தா திங்கியில் ஒரு தாமான் குடியிருப்பின் காவல் குழுத் தலைவர் சபாபதிக்கு, ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே தரையில் கால் பாவவில்லை. ஆறு மாதமாக ஒரு திருட்டுப் புகார்கூடப் போகாத குடியிருப்பென்று போலீஸ் அதிகாரி கையால் கேடயம் கிடைக்கப்போகிறது.

கேடயம் சும்மா வருமா? பதினாறு கேமரா மாட்டியிருந்தார். பதினாறும் அதிகாரியின் கார் வரும் முன்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தன. தொண்டர்களுக்குப் பச்சை மேல்சட்டை, போனில் ஓர் ஆப். அதில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் முப்பது பேர் போனும் சேர்ந்து அலறும்.

திங்கட்கிழமை காலையில் தொண்டர் ரசியா வந்தார்.

"அண்ணே, பின்னாடி வச்சிருந்த கேஸ் அடுப்பக் காணோம். போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கப் போறேன்."

சபாபதி அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"ஞாயிறு வரைக்கும் பொறுங்கம்மா. புது அடுப்பு நான் வாங்கித் தரேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

சாயங்காலமே புது அடுப்பு ரசியா வீட்டுக்குப் போனது.

புதன்கிழமை இன்னொரு தொண்டர் அய்யாவு, போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிய கோலத்தில் வந்து நின்றார். அவருடைய சைக்கிளைக் காணவில்லையாம். சபாபதி தன் சைக்கிளையே கொடுத்து அனுப்பினார். அன்றே, யாருக்கும் சொல்லாமல், பின்சந்தில் பதினேழாவது கேமராவை மாட்டினார்.

வெள்ளிக்கிழமை தொண்டர் மகேஸ்வரனின் முறை.

"தலைவரே, வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வாஷிங் மெஷினத் தூக்கிட்டானுங்க லா. ரிப்போர்ட் குடுக்காம எப்படி இருக்கிறது?"

சபாபதியின் வீட்டு மெஷின் மகேஸ்வரன் வீட்டுக்கு இடம் மாறியது. சபாபதியின் மனைவி வெள்ளையம்மா குழாயடியில் உட்கார்ந்து துணியைக் கும்மினாள்.

"அவுங்க மெஷின் ஓடுற சத்தம் கேட்டே ரெண்டு மாசமாச்சு. உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"பொதுச் சேவைன்னா உனக்கு என்ன தெரியும்?" என்றார் சபாபதி.

உள்ளுக்குள் அவருக்குக் கொண்டாட்டம்தான். திருடன் பின்சந்துக் கேமராவில் விழுந்திருப்பான். ஆனால் பதிவை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் திருடன் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் புகார் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கேடயம் போய்விடும். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு நாளை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சபாபதி கேடயத்தை வாங்கியபோது ரசியா, அய்யாவு, மகேஸ்வரன் மூவரும்தான் பலமாகக் கைதட்டினார்கள். சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களுக்காகவாவது அந்தத் திருடனை இன்றே பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். கேடயம்தான் கைக்கு வந்துவிட்டதே, இனி என்ன பயம்?

ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஐயா, கேடயத்துக்குப் பதிலா எங்க தாமான் உங்களுக்கு ஒரு திருடனைத் தருது. பின்சந்துல நான் ரகசியமா ஒரு கேமரா வச்சிருந்தேன்."

"தலைவரே, சாப்பாடு ஆறுது. இதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்தார் மகேஸ்வரன்.

சபாபதி காதில் வாங்கவில்லை. போனைப் பெரிய திரையோடு இணைத்து, வெள்ளிக்கிழமைப் பதிவை ஓடவிட்டார்.

பட்டப்பகலில், அவர் தைத்துக் கொடுத்த பச்சை மேல்சட்டையோடு, ரசியாவும் அய்யாவுவும் மகேஸ்வரனும் தங்கள் ஓட்டை அடுப்பையும் துருப்பிடித்த சைக்கிளையும் ஓடாத வாஷிங் மெஷினையும் பழைய இரும்பு வாங்குபவரின் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.