சிலந்தி கேட்ட கேள்வி

இணையத்தில் மாடித்தோட்டம் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. மூத்தது, தேடுபொறியில் முன்னால் வருவதற்காக, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'தக்காளி' என்று இருநூறு முறை ஒளித்து எழுதியிருந்தது. இளையதற்கு இந்த மாதமும் வாசகர் வராவிட்டால் மூடுவிழாதான்.

"தங்கச்சி, நீயும் நாலு வார்த்தையை ஒளிச்சு வையேன்," என்றது மூத்தது.

"எனக்குத் தெரிஞ்சது இலை ஏன் சுருளுதுங்கிறது மட்டும்தான்க்கா. அதைத் தலைப்புலயே சொல்லிட்டேன்."

பக்கங்களைப் படித்துப் பார்த்து வாசகர்களை அனுப்பிவைக்கும் தேடுபொறிச் சிலந்தி அன்று வந்தது. மூத்ததை முழுக்கப் படித்துவிட்டு, "சரிம்மா, தக்காளி இலை சுருண்டா என்ன பண்ணணும்?" என்று கேட்டது.

"தக்காளி," என்றது மூத்தது.

சிலந்தி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது.

"தக்காளி, தக்காளி... அதைத் தங்கச்சிகிட்ட கேட்டுக்கங்க."

இளைய பக்கத்துக்குக் கிடைத்த முதல் பரிந்துரை அதுதான்.