நீட்டிய கை

கல்லூரி அரங்கமே அழுதுகொண்டிருந்தது. அழாமல் இருந்தவள் ஒரே ஒருத்தி, அதுவும் யாருக்காக எல்லோரும் அழுதார்களோ அந்தச் சங்கரியேதான்.

முன்வரிசையில் வாடகை சோபாவில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். திரையில் அவள் வீட்டுக்குள் வேகவதி ஆற்று வெள்ளம் புகுந்துகொண்டிருந்தது. அவளோ திரையை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமளே அழுதுக்கினு இருக்கோம், அவங்க எங்கயோ பாக்குறாங்க பாருடி" என்று அஞ்சும் என்ற மாணவி தன் தோழியின் காதைக் கடித்தாள்.

"மனசு மரத்துப் போச்சு போலடி."

பருவநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படம் அது. உருகும் பனி, எலும்பும் தோலுமான கரடி, வறண்டு வெடித்த ஏரி எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தார்கள். கரடிக்கே பாதிப் பேர் மூக்கை உறிஞ்சியாகிவிட்டது. மிச்சப் பேரைச் சங்கரி பார்த்துக்கொண்டாள்.

தறிக்குழி நிரம்பித் தண்ணீர் மேலே ஏறுகிறது. நெய்து முடியும் தறுவாயில் இருந்த முகூர்த்தச் சேலையைப் பாவு நூலோடு சேர்த்துத் தூக்கப் பார்க்கிறாள் சங்கரி. இந்த முனையைத் தூக்கினால் அந்த முனை முங்குகிறது. 'இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒற்றைப் பெண் தூக்கப் போராடுகிறாள்' என்று பின்னணிக் குரல் தழுதழுத்தது.

அப்புறம்தான் அந்தக் காட்சி. சங்கரி நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். வாய் என்னவோ சொல்கிறது, நமக்குக் கேட்பது வயலின் மட்டும்தான். சேலை முங்குகிறது, படம் முடிகிறது.

போஸ்டரிலும் அந்தக் கைதான். வெளிநாட்டில் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கைதான்.

இயக்குநர் லோகேஷ் மேடையேறினான். கேமரா பிடித்ததும் அவனேதான்.

"அந்த ஷாட் முழுசா ஒன்பது நிமிஷம். எங்கயும் கட் பண்ணல, ஆடாம அசையாம நின்னு எடுத்தேன். அழுதுக்கினேதான் எடுத்தேன்" என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

சங்கரியை மேடைக்கு அழைத்துப் பாலியெஸ்டர் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டு நெய்தவளுக்கு இதையா போர்த்துவது என்று அங்கே ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சேலை கெட்டதிலிருந்து எந்த முதலாளியும் அவளை நம்பி நெய்யப் பாவு கொடுக்கவில்லை. தறி விறகாகிப் போனது. வெள்ளத்தன்று ஒரு கருமாதிக்காகத் திருமுக்கூடல் போயிருந்த கணவன் உமாபதி, இப்போது ஒரகடத்தில் வாட்ச்மேன். அவள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"நல்லபடியா நாலு வார்த்தை பேசுங்கக்கா. பெரிய மனுஷங்க வர்றாங்க, உங்களுக்கு ஒரு தறி போட்டுத் தரச் சொல்லியிருக்கேன்" என்று லோகேஷ் காலையிலேயே காதில் போட்டு வைத்திருந்தான். மறுபடி தறியில் உட்கார வேண்டும். அந்த ஒரே ஆசையில்தான் வந்திருந்தாள்.

அஞ்சும் கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள். "ஆன்ட்டி, ட்ரெய்லர் பாத்ததுலேர்ந்து எனக்குச் சரியா சோறு இறங்கல. நீங்க கை நீட்டுறது என்னையே கூப்புடுற மாதிரி இருக்குது. அந்த நேரத்துல உலகத்துக்கிட்ட என்ன கேட்டீங்க?"

"உலகத்துக்கிட்டயா?" சங்கரிக்கு விளங்கவில்லை.

"அக்கா பாவம், டென்ஷன்ல இருக்காங்க" என்று லோகேஷ் சிரித்தான். "எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிடுங்கக்கா, போதும்." மைக்கை அவள் கையில் திணித்தான்.

முன்வரிசையில் பெரிய மனுஷர்கள் ஈரக் கண்களோடு காத்திருந்தார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் தறி வந்துவிடும். சங்கரி வாயைத் திறந்தாள். கண் மறுபடியும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போனது.

"நான் பேசுனது இப்பவாவது கேக்கும்னு பாத்துக்கினே இருந்தேன்மா. அதை எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டாங்க."

லோகேஷ் மைக்குக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"உலகத்தை எல்லாம் கூப்புடலம்மா, இந்தத் தம்பியத்தான் கூப்புட்டேன். 'கேமராவ வச்சிட்டு அந்தப் பக்கம் ஒரு கை பிடிப்பா'ன்னு."